உங்கள் கதையை எப்படிச் சொல்லுகிறீர்கள்?

புதிதாக ஒரு மொத்த வியாபாரியிடம் போய் நின்று பாருங்கள். அவர் முதலில் விலை சொல்ல மாட்டார். "நீங்க எந்த ஊர்? யாருட மகன்? முந்தி என்ன செய்தீங்க?" என்றுதான் கேட்பார். வங்கி முகாமையாளர் இதையே ஒரு படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு நாகரிகமாகக் கேட்பார். கடையை வாடகைக்குத் தரப்போகிறவரும், பங்குக்கு வரப்போகிறவரும், பெண் கொடுக்க வருகிறவரும் கேட்பது இதைத்தான். எல்லாருக்கும் உங்கள் கதை தெரிய வேண்டும்.

நம்மவர்கள் என்ன சொல்லுகிறோம்? "மிச்சம் கஷ்டப்பட்டுத்தான் இந்த நிலைக்கு வந்தம்" என்ற ஒரே வசனம். முப்பது வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கஷ்டப்படாத வியாபாரி யார்? கெய்சர் வீதியில் மூட்டை சுமப்பவரிலிருந்து மாடியில் ஏ.சி. போட்டு இருப்பவர் வரை எல்லாரும் சொல்லும் வசனம் இது. இன்னும் சிலர் இருக்கிறார்கள். பாட்டனார் காயல்பட்டினத்திலிருந்து தோணியில் வந்ததில் தொடங்குவார்கள். கேட்பவருக்குக் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போய், அவர் இரண்டு தடவை மணிக்கூடு பார்த்து முடித்தாலும் இவர்கள் இன்னும் 1950ஐத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

சொந்தக் கதையைக் கேட்பவர் விரும்பும்படி சொல்லுவது ஒரு முதல். கைக்காசு இல்லாத இடத்தில் சில நேரம் அது மட்டும்தான் முதல். இதற்கு நல்ல சான்று ஒன்று நான் கடை வைத்திருக்கும் பண்டத்தரிப்பிலேயே தொடங்குகிறது.

பண்டத்தரிப்பு தெரியாத வாசகர்களுக்காகச் சொல்லுகிறேன். யாழ்ப்பாணம் பட்டணத்திலிருந்து மானிப்பாய், சண்டிலிப்பாய் தாண்டிப் போனால், மாதகல் கடலுக்குப் போகும் வழியில் வருகிற சின்னப் பட்டினம் இது. சோனக தெருவிலிருந்து என் வாப்பா சைக்கிள் கரியரில் புடவைப் பொட்டணம் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து விற்றவர். இப்போது சந்திக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னப் புடவைக்கடை. இந்த ஊருக்கு 1820இல் அமெரிக்காவிலிருந்து ஒரு டொக்டர் வந்தார். பெயர் ஜோன் ஸ்கடர். நியூயோர்க்கில் நன்றாக வருமானம் வந்துகொண்டிருந்த வைத்தியர். ஒரு நோயாளியைப் பார்க்கப் போன வீட்டில் கிடந்த சின்னப் பிரசுரம் ஒன்றை எடுத்து வாசித்தாராம். அதோடு தொழிலை விட்டுவிட்டு 1819 ஜூனில் மனைவியோடு கப்பல் ஏறிவிட்டார். பண்டத்தரிப்பில் கிடந்த பழைய தேவாலயக் கட்டடத்தில் குடியிருந்து வைத்தியம் பார்த்தார். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் போன முதல் மிஷனரி வைத்தியர் என்று அவரைத்தான் சொல்லுவார்கள்.

அவர்களுடைய மதப்பணி பற்றி எனக்கு இங்கே பேச்சில்லை. நான் பார்ப்பது வியாபாரியின் கண்ணோடு. பத்தாயிரம் மைல் தொலைவில், பண்டத்தரிப்பு என்ற பெயரைக்கூட உச்சரிக்கத் தெரியாத ஜனங்களிடமிருந்து, வருடக்கணக்காக இவருக்குக் காசு எப்படி வந்தது? எழுதி எழுதித்தான் வந்தது. இங்கே பார்த்தது, செய்தது எல்லாவற்றையும் கடிதமாக அனுப்பினார். அமெரிக்கச் சிறுவர்களுக்கென்றே தனியாக எழுதினார். 1836இல் சென்னைக்கு மாறினார். 1842இலிருந்து 1846 வரை அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் இருந்த நாட்களில், ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொன்னார். பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பிடித்தாரே, அங்கேதான் மனிதர் கெட்டிக்காரர். இருபது வருடத்தில் அந்தப் பிள்ளைகள்தானே காசோலை எழுதப் போகிறவர்கள்!

ஆனாலும் தாத்தாவைவிடப் பேத்தி கெட்டிக்காரி. ஐடா ஸ்கடர் 1870இல் தமிழ்நாட்டு இராணிப்பேட்டையில் பிறந்தவர். தகப்பனும் வைத்தியர். இந்த வெயிலும் பஞ்சமும் நமக்கு வேண்டாம், அமெரிக்காவில் போய்ச் சுகமாக இருப்போம் என்று நினைத்திருந்த பெண். தாய்க்குச் சுகமில்லை என்று திண்டிவனத்துக்கு வந்திருந்த நேரத்தில், ஓர் இரவில் நடந்த சம்பவத்தை அவர் பிற்காலத்தில் வாழ்நாள் முழுவதும் சொன்னார்.

அந்த இரவு ஒரு பிராமண இளைஞர் கதவைத் தட்டினார். மனைவிக்குப் பிரசவ வேதனை, வந்து உதவுங்கள் என்றார். எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனைக் கூட்டிப் போங்கள் என்றார் ஐடா. வேற்று ஆண் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தட்டல். இந்த முறை வந்தவர் ஒரு முஸ்லிம். அதே வேண்டுகோள், அதே பதில். மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பஸ்தர். அதுவும் அப்படியே முடிந்தது. விடிந்ததும் ஊருக்குள் சாவுப் பறை கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் அமெரிக்கா போய் வைத்தியம் படித்தார். 1899இல் பட்டம் பெற்றார்.

இனித்தான் நமக்குரிய பகுதி. திரும்பி வருமுன் வேலூரில் பெண்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்ட 8,000 டொலர் சேர்க்கச் சொல்லி அவரிடம் பொறுப்புக் கொடுத்தார்கள். நியூயோர்க்கில் ஒரு வசதியான பெண்மணியின் வீட்டுக்குப் போய் இந்தக் கதையைச் சொன்னார். அடுத்த அறையில் அந்தப் பெண்மணியின் மைத்துனர் இருந்தார். ஷெல் என்ற வங்கித் தலைவர். கதை அவர் காதில் விழுந்ததாக ஐடாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். அவர் கூப்பிட்டு, காலமான தன் மனைவியின் பெயரால் 10,000 டொலர் கொடுத்தார். கேட்டது எட்டு, கிடைத்தது பத்து! அந்தப் பெயரில் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி 40 கட்டில்களோடு 1902இல் வேலூரில் திறக்கப்பட்டது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று நம்மவர்கள்கூட வைத்தியத்துக்குப் போய்வரும் சி.எம்.சி. ஆஸ்பத்திரி அதிலிருந்து வளர்ந்ததுதான்.

அந்தக் கதையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். இந்தியாவில் வருடத்துக்கு எத்தனை பெண்கள் பிரசவத்தில் இறக்கிறார்கள் என்ற கணக்கு அதில் இல்லை. தன் பரம்பரை எவ்வளவு தியாகம் செய்தது என்ற பெருமையும் இல்லை. இருப்பது ஒரே ஒரு இரவு, ஒரு கதவு, மூன்று தட்டல், காலையில் ஒரு பறைச் சத்தம். கதை சொல்லுகிறவர் அதில் வீராங்கனை அல்ல. ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்ற ஒரு பெண். அதனால்தான் கேட்டுக்கொண்டிருந்த வங்கிக்காரருக்குத் தானும் அந்தக் கதவடியில் நிற்பது போல இருந்திருக்க வேண்டும். கடைசி முக்கியம்: "பாவம், உதவுங்கள்" என்று கதை நிற்கவில்லை. அந்தக் கதவை இனித் திறக்க ஒரு ஆஸ்பத்திரி வேண்டும், அதற்கு இவ்வளவு தொகை என்று கேட்பதற்கு ஓர் உருப்படியான காரியம் இருந்தது. கதை எந்த இடத்தில் முடிகிறதோ அந்த இடத்தில் கணக்குத் தொடங்குகிறது.

இப்படி ஒரேயடியாக மூன்று பேர், மூன்று வகை ஆட்கள் என்று வருவதைப் பார்த்து, திரும்பத் திரும்பச் சொல்லி மெருகேறிய கதையோ என்று சிலர் சந்தேகப்படலாம். எந்தக் கதையும் ஆயிரம் தடவை சொன்னால் ஓரங்கள் மழுங்கும். ஆனால் அவர் அறுபது வருடம் அங்கேயே கிடந்து, ஒற்றைக் கட்டிலில் தொடங்கி ஒரு மருத்துவக் கல்லூரியையே எழுப்பிவிட்டு 1960இல் கண்ணை மூடினார். கதைக்கு அதைவிடப் பெரிய பிணை வேண்டுமா? பிணை இல்லாத கதைகளால்தான் நமது கடைத்தெருவில் எத்தனையோ பேர் பங்குக்காசைத் தொலைத்திருக்கிறார்கள்.

"அவர்கள் மிஷனரிகள், படித்தவர்கள், நாங்கள் வியாபாரிகள்" என்று நீங்கள் சொல்லக்கூடும். சரி, ஒரு வியாபாரியிடமே வருவோம். பனாரசிதாஸ் என்றொருவர். ஜோன்பூரில் 1586இல் பிறந்த ஜைன சமயத்தவர். ஆக்ராவில் இரத்தினக்கல், புடவை, நெய், எண்ணெய் என்று கைக்கு வந்ததையெல்லாம் விற்றவர். 1641இல் தன் 55ஆவது வயதில் தன் வாழ்க்கையை 675 செய்யுள்களில் எழுதினார். இந்திய மொழிகளில் எழுதப்பட்ட முதல் சுயசரிதை என்று இதைத்தான் சொல்லுகிறார்கள். 'அர்த்த கதானக்' என்று பெயர். அரைக்கதை என்று அர்த்தம். மனிதனுக்கு ஆயுள் 110 என்ற கணக்கில், பாதி தூரம் வந்தாயிற்று என்று அந்தப் பெயர்.

இந்த மனிதர் வியாபாரத்தில் வெற்றி பெற்றவர் என்று நினைத்துவிடாதீர்கள். தகப்பன் கொடுத்த சாமானோடு ஆக்ராவுக்கு வந்து ஏறக்குறைய எல்லாவற்றையும் தொலைத்தவர். உடுப்பில் முடிந்து வைத்த கல்லை எலி இழுத்துக்கொண்டு போனதைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார். ஒரு கூட்டு வியாபாரத்தில் இரண்டு வருடம் உழைத்துக் கணக்குப் பார்த்தால் இலாபமும் செலவும் சரிக்குச் சரி! பிறந்த ஒன்பது பிள்ளைகளும் இறந்ததை அழுகை இல்லாமல், பேரேட்டில் பதிவது போலப் பதிந்திருக்கிறார். 1605இல் அக்பர் பாதுஷா இறந்த செய்தி ஜோன்பூருக்கு வந்ததும் கடைகளெல்லாம் படபடவென்று பூட்டப்பட்டதையும், பணக்காரர் நகைகளை மண்ணுக்குள் புதைத்துவிட்டு முரட்டுத் துணி உடுத்திக்கொண்டதையும், புதிய பாதுஷா வந்துவிட்டார் என்று கடிதம் வந்த பிறகே ஊர் மூச்சு விட்டதையும் எழுதியிருக்கிறார். 1983ஐயும் 1990ஐயும் பார்த்த நமக்கு இது நானூறு வருடப் பழங்கதையா? அரண்மனையில் நடந்ததை எழுதியவர்கள் பலர். கடைப் பலகை பூட்டிய சத்தத்தை எழுதியவர் இந்த ஒரு வியாபாரி.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது கச்சோரிக் கடைக்காரர் விஷயம். கைக்காசு தீர்ந்துபோன நாட்களில் பனாரசிதாஸ் இரவில் உட்கார்ந்து பழைய காதல் காவியங்களை இராகத்தோடு வாசிப்பார். அக்கம்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கேட்க வருவார்கள். அவர்களில் ஒருவர் கச்சோரி சுட்டு விற்பவர். அவரிடம் கடனுக்குச் சாப்பிடத் தொடங்கி, ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு, "என்னிடம் காசு இல்லை, இனிக் கொடுக்காதீர்கள்" என்று உண்மையைச் சொல்லுகிறார். கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? இருபது ரூபாய் வரைக்கும் சாப்பிடுங்கள், ஒன்றும் கேட்க மாட்டேன் என்றார். மாதக்கணக்காகச் சாப்பிட்டதற்குக் கடைசியில் கணக்கு 14 ரூபாய். பிறகு கையில் காசு வந்ததும் கொடுத்துத் தீர்த்தார். நன்றாகச் சொல்லத் தெரிந்தது, உள்ளதைச் சொன்னது, இரண்டும் சேர்ந்துதான் அவருக்குப் பற்று வரவாயிற்று. இந்தக் காலத்து வங்கியில் இதற்கு என்ன பெயர் வைப்பார்களோ!

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மவரிலேயே உதாரணம் உண்டு. 1893இல் காந்தியைத் தென்னாபிரிக்காவுக்குக் கூப்பிட்டது ஒரு முஸ்லிம் வியாபாரக் கம்பனி. டர்பனில் இருந்த தாதா அப்துல்லா கம்பனி. 40,000 பவுண் வழக்கு ஒன்றுக்காக, ஒரு வருடத்துக்கு 105 பவுண் சம்பளத்தில். அப்துல்லா சேட் எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர். பழகிப் பழகிப் பிடித்துக்கொண்ட கொஞ்ச இங்கிலீஷை வைத்தே வங்கி முகாமையாளர்களோடும் வெள்ளைக்கார வியாபாரிகளோடும் சமாளித்தவர். இது நமக்கு எப்படித் தெரியும்? காந்தி 1925இலிருந்து தன் 'நவஜீவன்' வாரப் பத்திரிகையில் வாரம் ஒரு அத்தியாயமாகத் தன் கதையை எழுதியபோது, அதில் இதையும் எழுதினார். அத்தனை பெரிய வியாபாரியை இன்று உலகம் அறிந்திருப்பது பெரும்பாலும் அவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்த வக்கீல் எழுதிவைத்ததால்தான்.

இனி நம்முடைய விஷயத்துக்கு வருவோம்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேர அவகாசம். கையில் கொண்டுபோக விட்டது 150 ரூபாயும் மாற்றுடுப்பும். வட மாகாணம் முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த மாதம் ஊரை விட்டார்கள். வீடும் கடையும் போனதைப் பேசுகிறோம். கடையோடு கடன் கொப்பியும், பாங்க் புத்தகமும், உறுதியும் போனதைக் குறைவாகத்தான் பேசுகிறோம். வியாபாரிக்கு அவைதானே அடையாளம்? இன்ன முதலாளிக்கு இருபது வருடமாகத் தவணை தவறாமல் கொடுத்தவன் என்பதற்கு இருந்த அத்தாட்சி ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. புத்தளத்தில் போய் இறங்கியபோது எல்லாரும் ஒரே வரிசையில் நின்ற அகதிகள். அங்கே வாய்ச்சொல்தான் பேரேடு. 2011இல் பிரஜைகள் ஆணைக்குழு ஒன்று இந்த மக்களிடம் கேட்டறிந்ததை ஒரு பெரிய அறிக்கையாக வெளியிட்டது. அது நல்ல காரியம். ஆனாலும் ஆணைக்குழு கேட்பது நடந்த அநியாயத்தை. வங்கிக்காரரும் மொத்த வியாபாரியும் கேட்பது வேறொன்று: அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்?

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். எங்கள் சந்தியில் தையற்கடை போட்டிருக்கும் ஒரு பொடியன், புத்தளத்தில் பிறந்து தகப்பனுடைய ஊருக்கு வந்தவன், கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது என்னையும் துணைக்குக் கூப்பிட்டான். பக்கத்தில் இருந்து கேட்டேன். "நாங்க அகதியாப் போனம் சேர், சரியாக் கஷ்டப்பட்டம், எங்களுக்கு ஆரும் உதவி செய்யேல்ல" என்றான். அதிகாரி கம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். பிறகு வாருங்கள் என்றார்.

வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து கேட்டேன்.

"வாப்பா வரக்குள்ள என்ன கொண்டுவந்தார்?"

"ஒண்டுமில்ல நானா. மெசின் எல்லாம் கடையிலதான். கழுத்தில போட்டிருந்த அளவு நாடா மட்டும். அறிவிச்ச நேரம் தைச்சுக்கொண்டு இருந்தவராம். கழட்ட மறந்து அப்படியே வந்திட்டார். செக் பண்ணின ஆக்களும் அதை எடுக்கேல்ல."

"பிறகு?"

"முகாமில ஒரு வீட்டில மெசின் இருந்தது. இரவில அவங்க தைக்காத நேரம் தைக்கக் குடுத்தாங்க. தைச்சதில நாலில ஒண்டு அவங்களுக்கு. முதல் தைச்சது ஸ்கூல் வெள்ளைச் சட்டை, பதினெட்டு. அந்தக் கணக்கு உம்மா இன்னும் சொல்லுவா."

"அந்த நாடா?"

"கடை லாச்சியில கிடக்கு."

இதை உள்ளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "இதெல்லாம் என்னத்துக்கு நானா, வீட்டுக் கதைதானே" என்கிறான்! நாலில் ஒன்று என்பது வாடகைக் கணக்கு. பதினெட்டுச் சட்டை என்பது உற்பத்திக் கணக்கு. இரவில் தைத்தது உழைப்பு, மெசின்காரருக்குப் பங்கு பிசகாமல் போனது நாணயம். ஒரு வங்கி அதிகாரி கேட்க வேண்டிய அத்தனையும் அதற்குள் இருக்கிறது.

நான் அவனுக்குச் சொன்னது இவ்வளவுதான். ஊரை விட்ட அநியாயத்தை ஒரு வசனத்தில் சொல்லு, அவருக்கும் அது தெரியும். நாடாவில் தொடங்கு. தொகைகளைச் சொல்லு, 'நிறைய', 'மிச்சம்' என்று சொல்லாதே. இடையில் நட்டப்பட்ட வருடம் இருந்தால் அதையும் நீயே சொல்லு, எப்படி அடைத்தாய் என்பதோடு சேர்த்து. அவராகக் கண்டுபிடித்தால் மற்றதையும் நம்ப மாட்டார். கூட்டிச் சொல்லாதே. இந்த ஊரில் நீ ஒன்றைக் கூட்டிச் சொன்னால் சங்கானைச் சந்தை கலைவதற்குள் அது அவர் காதுக்குப் போய்விடும். ஐந்து நிமிடத்தில் நிறுத்து. அவர் கேள்வி கேட்க இடம் விடு. கேட்கத் தொடங்கிவிட்டார் என்றால் பாதிக் காரியம் முடிந்தது. வீட்டுக்குப் போய் உம்மாவிடம் உட்கார்ந்து வருடம் வாரியாக எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுது, வங்கிக்காக இல்லாவிட்டாலும் உன் பிள்ளைக்காக. உம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது.

மூன்று வாரம் கழித்துத் தனியாகப் போனான். நான் போகவில்லை. பதினெட்டுச் சட்டை என்றதும் அதிகாரி கம்பியூட்டரிலிருந்து திரும்பி, "ஒரு சட்டைக்கு என்ன கூலி எடுத்தார்?" என்று கேட்டாராம். அவன் கொப்பியைப் பார்த்துச் சொன்னான். அடுத்த கிழமை கடையைப் பார்க்க வந்தார். லாச்சியைத் திறந்து காட்டச் சொன்னார். ஐந்து லட்சம் கேட்டிருந்தான். மூன்று லட்சம் கிடைத்தது. ஓவர்லொக் மெசின் ஒன்றும் மோட்டார் போட்ட தையல் மெசின் இரண்டும் வாங்கினான். பட்டன்துளை போடும் மெசினுக்குக் காசு காணவில்லை. அந்த வேலையை இப்போதைக்கு மானிப்பாய்க்கு அனுப்பித்தான் எடுக்கிறான்.